மந்திரம் யாருக்கு வரும்?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே எனக்கு முன்னால் பேசியவர்கள் பஞ்சமி நிலம் பற்றிப் பேசியிருக்கிறார்கள், ஆய்வு உதவித்தொகை பற்றிப் பேசியிருக்கிறார்கள். நான் பகடை விளையாட்டில் மந்திரம் எழுதுவது பற்றிப் பேசுகிறேன் என்றதும் ஒருங்கிணைக்கும் தோழர் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் தலைப்பைக் குறித்துக்கொண்டார். அவர் தயங்கியது நியாயம்தான். முப்பது வயது தாண்டிய ஓர் ஆய்வாளன் ஆய்வேட்டை முடிக்காமல் டிராகனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தால் என் நெறியாளருக்கே சந்தேகம் வரும். ஆனாலும் இந்த விளையாட்டில் நான் செய்த ஒரு தவறு, சாதியைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்ததையே ஆட்டிப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் விளையாட்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி வெளியிட்டது. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். அவரை டஞ்சன் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் மதிலேறிக் குதிக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், முடிந்ததா இல்லையா என்பதை 20 முகமுள்ள பகடை சொல்லும். ஜெயிப்பது தோற்பது கிடையாது. கூடிச் சொல்லும் கதை, நடுவில் கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான்.

இதில் ஹோம்ப்ரூ என்று ஒன்று உண்டு. பியரை வீட்டிலேயே காய்ச்சிக்கொள்கிறவர்களின் சொல். புத்தகத்தில் இருக்கும் விதிகள் போதாது என்று நாமே மந்திரம், ஆயுதம், ஊர், இனம் எல்லாம் எழுதிச் சேர்த்துக்கொள்வதற்கு இந்தப் பெயர். காசு இல்லாதவர்கள் விளையாடவும் வழி இருக்கிறது. 2023 ஜனவரியில், இந்த விளையாட்டை வைத்திருக்கும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் உரிமத்தை இறுக்கப் பார்த்தது. சொந்தமாக எழுதுகிறவர்களும் விளையாடுகிறவர்களும் பெரிய எதிர்ப்பைக் காட்டியதும் பின்வாங்கி, அடிப்படை விதித்தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. நாங்கள் விடுதி அறையில் விளையாடுவது அந்தத் தொகுப்பை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டுதான். ஆறு பேர், ஒரே ஒரு பகடை செட்.

ஒரு மந்திரத்தை எப்படி எழுதுகிறார்கள்? சில கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் எந்த நிலை, எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு நேரம் நிற்கும், என்ன செய்யும், எதிராளி எப்படித் தப்பலாம். எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஃபயர்பால், நெருப்புப் பந்து. மூன்றாம் நிலை மந்திரம். 150 அடி தூரத்துக்கு எறியலாம். விழுந்த இடத்தைச் சுற்றி 20 அடிக்குள் இருப்பவர்கள் மேல் 6 முகப் பகடை எட்டை உருட்டி வரும் எண்ணிக்கைக்குச் சேதம். சுறுசுறுப்பாக ஒதுங்கிவிட்டால் பாதிச் சேதம்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் டஞ்சன் மாஸ்டர் கையேட்டில், புது மந்திரம் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு சின்ன அட்டவணையே உண்டு. மூன்றாம் நிலை மந்திரம் பலரைத் தாக்குமானால் 6 முகப் பகடை ஆறு போதும் என்கிறது. அப்படியானால் அவர்களுடைய நெருப்புப் பந்தே அவர்கள் போட்ட அளவைத் தாண்டி நிற்கிறது. அது பரவாயில்லை. எண்கள் தப்பானால் இரண்டு வாரம் விளையாடினால் தெரிந்துவிடும். ஒரு பகடையைக் குறைத்துக்கொள்ளலாம்.

அந்த அட்டவணையில் இல்லாத கட்டம் ஒன்று இருக்கிறது. இந்த ஆற்றல் யாருக்கு வரும், எந்த வழியில் வரும்?

இந்த விளையாட்டு ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்களைப் பாருங்கள். 1978இல் வந்த அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர் கையேட்டில் குள்ளர் இனத்தவர் மந்திரவாதி ஆகவே முடியாது. எல்ஃப் இனத்தவர் ஆகலாம்; ஆனால் 11ஆம் நிலைக்கு மேல் போக முடியாது. மனிதருக்கு மட்டும் வரம்பு இல்லை. பெண் பாத்திரத்தின் உடல்வலிமைக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு. இதெல்லாம் யாரோ வாய்தவறிச் சொன்னதல்ல, அட்டவணை போட்டு அச்சடித்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அரை ஆர்க் ஒருவர் பிறக்கும்போதே அறிவில் இரண்டு புள்ளி குறைவு. 2016இல் ஆர்க்குகளை ஆட்டக்காரர்கள் எடுத்து விளையாடலாம் என்று வந்த புத்தகத்திலும் அதே கழித்தல் இருந்தது.

சார்சரர் என்று ஒரு வகை மந்திரவாதி உண்டு, மூன்றாம் பதிப்பில் சேர்த்தது. விசார்ட் ஏடுகளைப் படித்து மந்திரம் கற்கிறவர். சார்சரர் படிக்க வேண்டியதே இல்லை, ஆற்றல் உள்ளேயே இருக்கிறது. 2014 கையேட்டில் சார்சரருக்கு இரண்டு வழி. ஒன்றின் பெயரே டிராகன் ரத்தவழி. முன்னோர் ஒருவருக்கு டிராகனோடு உறவு, அந்த ரத்தம் உங்களிடம் மந்திரமாக ஓடுகிறது. முதல்முறை படித்தபோது நான் ரசித்தேன். இரண்டாம் முறை படித்தபோது என் சொந்த ஊர்த் திருமண மண்டபத்தில் கேட்ட பேச்சு நினைவுக்கு வந்தது.

2020 ஜூனில் அந்த நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. ஆர்க், டிரோ போன்ற இனங்களைப் பிறவியிலேயே கொடியவர்கள் என்று எழுதியது, நிஜ உலகில் சில மக்களை இழிவுபடுத்திய விதத்தோடு ஒத்துப்போகிறது என்று ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டே ஆர்க்கின் அறிவுக் குறைவை நீக்கினார்கள். 2024 பதிப்பில் 'ரேஸ்' என்ற சொல்லே போய் 'ஸ்பீஷிஸ்' வந்தது. பாத்திரத்தின் தொடக்கப் புள்ளிகளைப் பிறப்பிலிருந்து எடுத்துப் 'பின்னணி' என்ற கட்டத்துக்கு மாற்றினார்கள். பின்னணி என்றால் நீங்கள் முன்பு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பது. விவசாயி, போர்வீரர், மாலுமி, அறிஞர்.

அமெரிக்க வாசகருக்கு இது பிறப்பிலிருந்து விடுதலை. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தொழில் என்ற சொல் நம் காதில் வேறு மாதிரி விழும். அந்தப் புத்தகத்தில் விவசாயி பின்னணியை எடுத்தால் வலிமை, உடலுறுதி, விவேகம் ஆகியவற்றில்தான் புள்ளி கூட்டலாம். நூலறிவில் கூட்ட முடியாது. அது அறிஞர் பின்னணிக்கு உண்டு. விதியை மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது, விவசாயி பின்னணியோடு மந்திரவாதி ஆகவும் தடையில்லை. இருந்தாலும் வழக்கமான விதியில் ஏர் பிடித்தவருக்கு ஏட்டறிவில் கூடுதல் கிடையாது. அம்பேத்கர் 1936இல் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: சாதி வேலையைப் பிரித்ததோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கிவிட்டது. பிறப்பைத் தொழிலாக மாற்றி எழுதினால் தீர்ந்துவிடும் சிக்கல் நம்முடையது இல்லை.

வெள்ளைக்காரர்களின் விளையாட்டைக் குறை சொல்லிவிட்டு நாம் கைதட்டிக்கொள்ளவும் முடியாது. மந்திர ஆற்றல் யாருக்கு வரலாம் என்பதற்கு நம்மிடம் அவர்களுக்கு முந்தைய விதிப்புத்தகங்கள் இருக்கின்றன. பிரம்மாஸ்திரம் என்பது என்ன? ஒரு மந்திரம், ஒரு விளைவு, ஒரு குரு. மகாபாரதத்தில் கர்ணன் பிராமணன் என்று பொய் சொல்லித்தான் பரசுராமரிடம் அதைக் கற்கிறான். உண்மை தெரிந்ததும் சாபம்: உயிர்போகும் நேரத்தில் மந்திரம் மறந்துபோகும். விளையாட்டு மொழியில் சொன்னால், எல்லாப் பயிற்சியும் முடித்த பாத்திரத்தின் கையேட்டிலிருந்து பிறப்பைக் காரணம் காட்டி ஒரு மந்திரத்தை அழிக்கிறார்கள். உத்தர காண்டத்தில் சம்பூகன் தவம் செய்கிறான். தவம் என்பது உழைத்து ஆற்றல் பெறும் வழி. சூத்திரன் அந்த வழியில் போனதற்கு ராமன் தலையை வெட்டுகிறான். ஒன்பது நிலை மந்திரங்களும் யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது என்று இவ்வளவு துல்லியமாக கைகாக்ஸ்கூட எழுதியதில்லை.

இரண்டு மரபும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. 1977இல் வந்த மான்ஸ்டர் மேனுவலில் ராட்சசர் இருக்கிறார்கள். புலித்தலை, பட்டுச் சட்டை, பிறவிக் கொடுமை. ஆசீர்வதிக்கப்பட்ட குறுக்குவில் அம்பு பட்டால் உடனே சாவு. 2014 பதிப்பிலும் 'நல்லவர்' கையில் இருக்கும் மந்திர ஆயுதத்தின் குத்துக்குத்தான் அவர்கள் பலவீனம். ராட்சசர் என்றும் அசுரர் என்றும் எழுதப்பட்டவர்கள் யார் என்று திராவிட இயக்க மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பக்கத்தை நான் புரட்டியபோது சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

மாற்றி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். 2022இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' என்ற தொகுப்பில் கொல்கத்தாவைச் சேர்ந்த தலித் எழுத்தாளர் மிமி மண்டல் வங்கத்து ஆற்றங்கரைகளை வைத்து ஒரு நிலத்தையும் கதையையும் எழுதியிருக்கிறார். அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ வெளியீடு. அதைப் படித்ததும் நானும் எழுதலாம் என்று துணிவு வந்தது. துணிவோடு கொஞ்சம் அகந்தையும் வந்திருக்க வேண்டும்.

இனி என் தவறு.

எங்கள் மேசைக்கு நான் ஒரு மலையடிவார நாட்டை எழுதினேன். அங்கே முழவுக்குடி என்று ஒரு மக்கள். ஒடுக்கப்பட்டவர்கள். ஆனால் அவர்கள் ரத்தத்தில் ஓர் ஆற்றல் இருக்கிறது. பெயர் ஊர்முழக்கம். முழவுக்குடியில் பிறந்தவர் தோல்கருவியை அடித்தால் 60 அடிக்குள் இருக்கும் தோழர்களின் அச்சம் விலகும், எதிரிகளின் மந்திரக் காவல் உடையும். வேறு யார் அடித்தாலும் வெறும் சத்தம்தான். பறையைத்தான் எழுதினேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். இழிவென்று சொன்னதையே ஆற்றலாக மாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. இரண்டு பக்கம் தட்டச்சு செய்து எல்லோருக்கும் கொடுத்தேன்.

எங்கள் மேசையில் முதலாம் ஆண்டு ஆய்வு மாணவர் ஒருவர் இருக்கிறார். தம்பி என்றே சொல்கிறேன். தாளை முழுவதும் படித்தார். அவர் பாத்திரத்துக்கு முழவுக்குடியைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. மெதுவாகக் கேட்டார்.

"அண்ணா, இது பொறந்தாதான் வருமா?"

"ஆமா தம்பி. அதுதானே அவங்க பலம்."

"எங்க தாத்தா ஊர்ல எல்லாச் சாவுக்கும் அடிச்சவரு. எங்க அப்பா அடிக்க மாட்டேன்னு கீழ வெச்சாரு. அதுக்காக ஊரை விட்டே வர வேண்டியிருந்துச்சு. அவரு கீழ வெச்சதாலதான் நான் இங்க உக்காந்திருக்கேன். நீங்க திரும்பவும் எடுத்து என் ரத்தத்துல வெச்சிட்டீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தாளை மடித்துப் பகடைப் பைக்குக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த தோழி கல்லூரிக் கலைக்குழுவில் பறை கற்றவர், மேடைகளில் அடிப்பவர், வேறு சமூகம். அவர் கேட்டார்: "அப்போ நான் அடிச்சா சும்மா சத்தம்தானா?"

தோழர்களே, நான் எந்தப் பக்கத்திலிருந்து எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சாவு விழுந்தால் ஆள் அனுப்பிப் பறையடிக்க வரச் சொன்ன வீடு என் தாத்தா வீடு. வரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் என்ன நடக்கும் என்பது திண்ணையில் உட்கார்ந்திருந்த சின்னப் பையனான எனக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்து வந்தவன் எழுதிய விளையாட்டிலும் அடிப்பது அவர்கள் கடமையாகவே இருந்தது. கூலியின் இடத்தில் மாயப்புள்ளி கொடுத்திருந்தேன்.

மறுவாரம் விளையாடவில்லை. ஆறு பேரும் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திருத்தினோம். மூன்று மாற்றம் செய்தோம். இதை நீங்களும் செய்து பார்க்கலாம் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

முதல் மாற்றம், வரும் வழி. ஊர்முழக்கம் யாருக்கும் வரலாம், ஆனால் கற்க வேண்டும். கதைக்குள் பத்து நாள் பயிற்சி. கற்றுத்தருபவர் முழவுக்குடியைச் சேர்ந்த ஆசான். கற்றுத்தர மாட்டேன் என்று மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு, கற்கிறவர் கேட்பது எதற்காக என்று அவர் விசாரிக்கலாம். அந்த மக்களின் அறிவு என்பதும் மறைந்துவிடக் கூடாது, அவர்கள் உடம்போடு கட்டிப்போடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே எங்களுக்குக் கிடைத்த வழி ஆசான்தான்.

இரண்டாவது, எண்கள். காம் எமோஷன்ஸ் என்ற இரண்டாம் நிலை மந்திரம் 60 அடி தூரத்தில் 20 அடிச் சுற்றளவுக்குள் இருப்பவர்களின் அச்சத்தை ஒரு நிமிடம் வரை அடக்கிவைக்கும். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டோம். எங்களுடையது காது கேட்கும் 60 அடி முழுக்கப் போகிறது, அதனால் கூடுதல் வலிமை. ஈடு கட்ட, ஒரு நெடிய ஓய்வுக்கு ஒரே முறை என்றும், அடிக்கும் சத்தத்தில் ஒளிந்திருக்க முடியாது, எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் என்றும் விலை வைத்தோம். காவல் உடைப்பதை எடுத்துவிட்டோம். ஒரே ஆற்றல் இரண்டு வேலை செய்தால் மேசையில் மற்றவர்களுக்கு வேலை இருக்காது.

மூன்றாவது மாற்றத்தைத் தம்பிதான் எழுதினார். ஒரு தனி ஆற்றல். பெயர் 'கீழே வைத்தல்'. உங்கள் பாத்திரத்தை யாராவது மந்திரத்தாலோ பதவியாலோ ஒரு வேலையைச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால், பகடை உருட்டாமலே மறுக்கலாம். கமாண்ட், சஜெஷன் போன்ற மந்திரங்கள் அந்தக் கணத்தில் பலிக்காது. கட்டளை இட்டவர் அடுத்து உருட்டும் பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். நெடிய ஓய்வுக்கு ஒரு முறை. நான் முதலில் மறுக்கிறவருக்கு ஒரு சேதம் வைக்கலாம் என்றேன், அதுதான் யதார்த்தம் என்றேன். தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. சேதம் ஏற்கெனவே நடந்ததுதானே, இந்த ஒரு தடவை கட்டளை போட்டவன் தடுமாறட்டும் என்றார். அது எழுதப்பட்டது.

அடுத்த வாரக் கதையில் ஒரு ஜமீன்தார் இறந்துபோனார். காரியக்காரர் வந்து தம்பியின் பாத்திரத்தைக் கூப்பிட்டார். தம்பி கருவியைக் கீழே வைத்தார். பழக்க தோஷத்தில் நான் உடனே சொன்னேன்: மறுநாள் காலை குடியிருப்புக்கு வரும் வாய்க்காலை அடைத்துவிட்டார்கள்.

"அது எனக்குத் தெரியும்ண்ணா. அடைப்பாங்க. அதுக்கு அடுத்து என்னன்னு பாக்கத்தான் விளையாட வந்தேன்" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த எல்லாக் கதைகளும் வாய்க்கால் அடைப்பதோடு முடிந்திருந்தன. அப்புறம் நடந்ததை மேசையில் இருந்த மற்ற ஐந்து பேர்தான் கண்டுபிடித்தார்கள். இரவில் மதகைத் திறக்கப் போனார்கள், அங்கே தோழி ஊர்முழக்கம் அடித்தார், ஆசானிடம் பத்து நாள் கற்றவர் என்ற உரிமையில். அந்தச் சண்டை மூன்று வாரம் நடந்தது.

பொழுதுபோக்கில் எதற்கு இதெல்லாம் என்று கேட்கிறவர்கள் உண்டு. எங்கள் மேசையிலேயே ஒருவர் டிராகன் ரத்தச் சார்சரரை விரும்பி விளையாடுகிறார், இப்போதும் அதே பாத்திரம்தான். தடை போடவில்லை. அந்த ரத்தம் அவருக்கு ஏன் பெருமை, யாருக்கு அது பயம் என்று கதைக்குள் கேட்கிறோம். அவரே இப்போது தன் வம்சத்தின் கணக்குப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

நம் வளாகத்தில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும். "அவனுக்கு அது ரத்தத்திலேயே இருக்கு." கணக்கில் கெட்டிக்காரரைப் பற்றிச் சொல்வார்கள், கர்நாடக சங்கீதம் பாடுகிறவரைப் பற்றிச் சொல்வார்கள். பாராட்டுத்தான். அந்தப் பாராட்டைப் பெறுகிறவர்களின் வீட்டில் எத்தனை தலைமுறையாக ஆசான் இருந்தார், எத்தனை தலைமுறையாகப் பத்து நாள் பயிற்சி கிடைத்தது என்ற கணக்கை அந்த வாக்கியம் மறைத்துவிடுகிறது. அதே வாக்கியத்தைத் துப்புரவுப் பணியாளரைப் பற்றியும் சொல்கிறார்கள், அங்கே அது பாராட்டாகவும் இருப்பதில்லை. நான் எழுதிய முழவுக்குடிப் பக்கம் அந்த வாக்கியத்தின் முற்போக்குப் பதிப்பு.

ஆகவே நீங்கள் ஓர் ஆற்றல் எழுத உட்கார்ந்தால், சேத அட்டவணையைத் திறக்கும் முன் நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இது பிறப்பால் வருகிறதா, கற்றால் வருகிறதா? கற்றால் என்றால் கற்றுத்தருபவர் யார், யாரைத் திருப்பி அனுப்புகிறார்? இதன் விலையைக் கொடுப்பது பயன்படுத்துகிறவரா, வேறு யாருமா? இதை வேண்டாம் என்று கீழே வைக்க முடியுமா? எழுதியதை மேசையில் யார் வாழ்க்கைக்கு அது மிக அருகில் இருக்கிறதோ அவரிடம் முதலில் காட்டுங்கள். நான் கடைசியில் காட்டினேன்.

திருத்திய இரண்டு பக்கத்தின் நகல்கள் பின்வரிசை மேசையில் இருக்கின்றன. தம்பியின் அனுமதியோடுதான் வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு போய் மாற்றி எழுதுங்கள், அது எல்லோருக்கும் பொது. ஞாயிறு இரவு விளையாட வருகிறவர்கள் பகடை இருந்தால் கொண்டு வாருங்கள். எங்களிடம் இன்னமும் ஒரே செட்தான் இருக்கிறது.